சீசனுக்கு முன் ஒரு தீவு: யாழ்ப்பாணமா, அந்தமானா, ராமேஸ்வரமா?

எங்கள் கல்லூரிப் பழைய மாணவர்கள் சேர்ந்து இந்த வருடம் வாலிபால் அணிக்கு மூன்று லட்ச ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். சீசன் தொடங்கும் முன் பையன்களை ஒரு வாரம் வெளியூர் கூட்டிப்போய் ஆட வைக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பணம் கொடுத்தவர்களில் அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் ஒருவருக்கு, அந்த வெளியூர் ஒரு தீவாக இருக்க வேண்டும் என்று ஆசை. அங்கே கல்லூரி அணிகள் ஆகஸ்டில் பஹாமாஸ் போவதைப் பார்த்துப் பழகியவர். பி.டி. சார் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீ உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுக் கொடு" என்றார். பத்து வருடத்துக்கு முன் இதே அணிக்கு செட்டராக, அதாவது அடிப்பவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவனாக, இருந்தவன் நான். இப்போதும் சனி ஞாயிறு மைதானத்துக்குப் போய்ப் பந்து பொறுக்கிப் போடுகிறேன்.

பையன்கள் 14 பேர், சார், நான். மொத்தம் 16 டிக்கெட், ஆறு நாள். ஜூலை முதல் வாரத்தில் போய்த் திரும்பிவிட வேண்டும், அதற்கப்புறம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள் ஆரம்பித்துவிடும். கிளம்பும் இடம் டெல்டா பக்கம். இந்த நாலைந்து வரியை வைத்துத்தான் மற்றதெல்லாம்.

அண்ணன் சொன்ன பஹாமாஸ் கதையைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். 2014 ஆகஸ்டில் கென்டக்கி பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணி அங்கே போய் ஆறு ஆட்டம் ஆடியது. எதிரே நின்றவர்கள் கல்லூரிப் பையன்கள் இல்லை. பிரான்ஸின் தொழில்முறை கிளப் ஒன்று, போர்ட்டோ ரிக்கோ தேசிய அணியின் மாற்று வீரர்கள், டொமினிகன் குடியரசின் தேசிய அணி. ஐந்தில் ஜெயித்தார்கள், டொமினிகனிடம் ஒன்றில் அடி வாங்கினார்கள். அந்த சீசனில் அதே அணி வரிசையாக 38 ஆட்டம் ஜெயித்து, கடைசியில் தேசிய அரையிறுதியில் விஸ்கான்சினிடம்தான் முதல்முறையாகத் தோற்றது. பஹாமாஸ் கடலில் குளித்ததால்தான் 38 ஆட்டம் ஜெயித்தார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அங்கே கல்லூரி அணிகள் நான்கு வருடத்துக்கு ஒருமுறைதான் இப்படி வெளிநாடு போகலாம். போகும் முன் பத்து நாள் கூடுதல் பயிற்சி நடத்திக்கொள்ள அனுமதி உண்டு. பயிற்சியாளர்களின் கண் பாதி அந்தப் பத்து நாள்மேல், மீதி தன் பையன்களைவிட வயதிலும் உடம்பிலும் பெரிய எதிராளிகள்மேல்.

நமக்குப் பயிற்சி நாளை எண்ணிக்கொண்டிருக்க ஆள் கிடையாது, வருடம் முழுக்க ஆடலாம். நமக்கு இல்லாதது எதிராளி. எங்கள் பையன்கள் திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுக் கல்லூரிகளோடுதான் ஆடுகிறார்கள். எவன் லைனில் அடிப்பான், எவன் குறுக்கே அடிப்பான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். அதனால் ஒவ்வொரு தீவிடமும் நான் முதலில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: சாயங்காலம் ஆறு மணிக்கு வலைக்கு அந்தப் பக்கம் யார் நிற்பார்கள்?

இந்தக் கேள்வியிலேயே சில தீவுகள் விழுந்துவிட்டன. மாலத்தீவில் இந்தியர்களுக்கு இறங்கியதும் விசா இலவசம்தான், ஆனால் விமானமும் மாலேயில் அறை வாடகையும் சேர்ந்தால் எங்கள் மூன்று லட்சம் ரெண்டு நாளில் கரைந்துவிடும். லட்சத்தீவுக்கு நம் நாட்டவரே அனுமதிச் சீட்டு வாங்கித்தான் போக வேண்டும். ஜூலையில் அரபிக்கடல் இருக்கும் இருப்பில் கொச்சியிலிருந்து கப்பலை நம்பி ஆறு நாள் திட்டம் போட முடியாது. சரி, மிச்சம் மூன்று.

அந்தமான்தான் எல்லோர் வாயிலும் முதலில் வந்தது. பாஸ்போர்ட் வேண்டாம், சென்னையிலிருந்து ரெண்டே கால் மணி நேரத்தில் போர்ட் பிளேர். (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கிறது. டிக்கெட் தேடும்போது ரெண்டு பெயரையும் போட்டுப் பாருங்கள்.) போன இடத்தில் தமிழ் பேசியே காரியத்தை முடித்துவிடலாம், அவ்வளவு நம் ஆட்கள் அங்கே. பையன்களில் பத்துப் பேர் விமானமே ஏறாதவர்கள் என்பதால் அவர்கள் ஓட்டெல்லாம் இதற்குத்தான்.

ஆனால் ஜூலையில் அந்தமான் என்றால் மழை. நம் ஊருக்கு மழை வருவதற்கு முன்பே, மே மாதமே தென்மேற்குப் பருவமழை அங்கே இறங்கிவிடும். வருடத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் கொட்டும், சென்னையைப்போல ரெண்டு மடங்கு. மைதானத்தில் ஆடுவது லாட்டரிதான். உள்ளரங்கம் கிடைத்தால் மட்டுமே போகலாம். அதற்கும் கடிதம் எழுதி, தேதி வாங்கி, கடைசி நாளில் வேறு நிகழ்ச்சி வந்துவிட்டது என்று சொல்லாமல் இருக்கவேண்டும்.

இன்னொன்று பலர் யோசிக்காதது. அந்தமான் நமக்கு வெகு கிழக்கே இருக்கிறது, கடிகாரம் மட்டும் நம்முடையது. ஜூலையில் காலை ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும், சாயங்காலம் ஆறுக்கு முன்னால் சூரியன் போய்விடும். காலைப் பயிற்சிக்கு அது வரம். நாலே முக்காலுக்கு எழுப்பினால் வெயில் ஏறும் முன் மூன்று மணி நேரம் கிடைக்கும். சாயங்கால ஆட்டத்துக்கு விளக்கு இல்லாமல் முடியாது. வேலை முடிந்து ஆறு மணிக்கு வரும் உள்ளூர் அணியோடு ஆட வேண்டும் என்றால், மின்விளக்குள்ள மைதானமாகப் பார்க்கவேண்டும்.

எதிராளி யார்? அங்கே நல்ல வாலிபால் ஆடுபவர்கள் பெரும்பாலும் சீருடைக்காரர்களாக இருப்பார்கள் என்று சார் கணித்தார். முப்படைகளும் சேர்ந்த அந்தமான் நிக்கோபார் கட்டளையகம் 2001லிருந்து அங்கேதான் இருக்கிறது. ராணுவத்தில் வாலிபால் எப்படி ஆடுவார்கள் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். அவர்களோடு நாலு ஆட்டம் கிடைத்தால் அள்ளிக்கொள்ளலாம். ஆனால் கிடைக்க வேண்டுமே! ஒரு கல்லூரி பி.டி. சார் எழுதும் கடிதம் எத்தனை மேஜை தாண்ட வேண்டும்? சிவிலியன் பக்கம் அந்தத் தீவு பெயர் வாங்கியது சைக்கிளில். டெபோரா ஹெரால்ட், எசோ ஆல்பன் எல்லாம் அங்கிருந்து வந்தவர்கள். சைக்கிள் அணிக்கு நான் இந்தக் கட்டுரையை எழுதியிருந்தால் முடிவே வேறு.

கப்பலில் போனால் செலவு குறையும் என்று ஒரு பையன் சொன்னான். சென்னையிலிருந்து மூன்று நாள் பயணம். போக மூன்று, வர மூன்று. ஆறு நாள் கப்பலிலேயே முடிந்துவிடும், பந்தை டெக்கில் தட்டிக்கொண்டு திரும்பி வரலாம்.

இப்போது யாழ்ப்பாணம். என் மனசு முதலிலிருந்தே இங்கேதான் என்பதை மறைக்கவில்லை.

இலங்கையின் தேசிய விளையாட்டே வாலிபால்தான், 1991ல் அறிவித்தார்கள். கிரிக்கெட் என்று நினைத்திருந்தேன், நீங்களும் நினைத்திருப்பீர்கள். இந்த ஆட்டம் ரெண்டு கரைக்கும் வந்தது ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான். கொழும்பில் 1916 வாக்கில், இங்கே சென்னை ஒய்.எம்.சி.ஏ. மூலம். நம் ஊர் அரசுத் தாள்களில் இதைக் கையுந்துபந்து என்பார்கள், பத்திரிகையில் கைப்பந்து, மைதானத்தில் வாலிபால். யாழ்ப்பாணத்தில் கரப்பந்தாட்டம். அங்கே ஊருக்கு ஊர் விளையாட்டுக் கழகம் உண்டு. சாயங்காலம் வேலை முடிந்து சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் வந்து, விளக்கைப் போட்டு ஆடுபவர்கள். முப்பது, முப்பத்தைந்து வயதுக்காரர்கள். உயரமாகத் தாவ மாட்டார்கள், ஆனால் தடுக்க வலைமேல் நீங்கள் தூக்கும் பிளாக்கைப் பார்த்து விரலில் பட்டு வெளியே போகிற மாதிரி தட்டிவிடுவார்கள். இருபது வயது அட்டாக்கருக்கு இதைவிட எரிச்சலூட்டும் எதிராளி கிடையாது, இதைவிட நல்ல வாத்தியாரும் கிடையாது.

ஆட்டம் பேசி முடிக்கும்போது ஒன்றைக் கவனிக்கவேண்டும். அங்கே 'ஓவர்கேம்' என்று ஒரு வகை ஊர்களில் ரொம்பப் பிரபலம். நாம் ஆடும் சர்வதேச முறையை 'செற்றப்' என்று தனியாகச் சொல்வார்கள். எது என்று கேட்காமல் தேதி வாங்கிவிட்டுப் போய் நின்றால், எங்கள் பையன்கள் திருதிருவென்று முழிப்பார்கள்.

அப்புறம் காற்று. ஜூலையில் யாழ்ப்பாணத்தில் மழை பெய்யாது, அங்கே மழை ஐப்பசி கார்த்திகையில்தான். ஆனால் சோளகம் என்று அவர்கள் சொல்லும் தெற்கத்திக் காற்று வீசும் நேரம் அது. வெளி மைதானத்தில் உயரமாகத் தூக்கிப் போடும் செட் எல்லாம் ஒரு கை தள்ளிப் போய் இறங்கும். செட்டர் பந்தைத் தாழ்வாக, வேகமாகத் தள்ளக் கற்றுக்கொண்டாக வேண்டும். சுழலாமல் போகும் ஃப்ளோட் சர்வீஸை காற்றுக்கு எதிரே போட்டால் பந்து கடைசி நேரத்தில் தலையை ஆட்டும், பின்னால் நின்று பந்து எடுப்பதற்கென்றே இருக்கும் லிபரோவுக்குக் காலையில் எடுத்த பாஸ் சாயங்காலம் வராது. எங்கள் சீசனில் பாதி ஆட்டம் வெளி மைதானத்தில்தான் என்பதால் இதை நான் குறையாகப் பார்க்கவில்லை, ஆறு நாள் இலவச வகுப்பாகப் பார்க்கிறேன். முழு சீசனும் உள்ளரங்கில் ஆடும் அணி என்றால் இது வீண்.

போவது எப்படி? சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்து விமான நிலையமான பலாலிக்கு விமானம் உண்டு, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். எங்களுக்கு அதைவிட வசதி நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துத் துறைமுகமான காங்கேசன்துறைக்குப் போகும் கப்பல். 2023 அக்டோபரில் தொடங்கி, உடனே நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி ஓட ஆரம்பித்தது. சுமார் நாலு மணி நேரம். கட்டணம் நாங்கள் பார்த்தபோது போக வர எட்டாயிரத்துச் சொச்சம், அதாவது 16 பேருக்கு ஒன்றே கால் லட்சத்துக்கு மேல். கடல் சரியில்லை என்றால் ரத்து செய்வார்கள், திரும்பும் நாளுக்கு அடுத்த நாள் போட்டி வைத்துக்கொள்ளாதீர்கள். நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் பணம் மூன்றுக்கு மேல் கிடைக்கும் என்றதும் எங்கள் மேலாளர் பையன் குஷியாகிவிட்டான். விலைப்பட்டியலும் அதே அளவுக்குப் பெரிதாக இருக்கும் என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. எப்படிப் பார்த்தாலும் மூன்று லட்சத்துக்குள் முடிக்கலாம்.

சாப்பாடு ஒரு பிரச்சினையே இல்லை: புட்டு, இடியப்பம், சொதி, மீன். ஆட்டத்துக்கு முன் பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழ் மட்டும் கொடுக்கக் கூடாது, அது ஆட்டம் முடிந்தபின் குடிக்கவேண்டிய சாமான். நல்லூர்த் திருவிழா 25 நாள், ஆடி ஆவணியில் வரும். அப்போது அறை கிடைப்பது கஷ்டம். ஜூலை முதல் வாரம் என்பதால் நாங்கள் தப்பித்தோம்.

எங்கள் அணியில் ரெண்டு பேர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். வீட்டில் சொன்னபோது ஒருவனுடைய அம்மா, "அங்கயா?" என்று கேட்டுவிட்டு வேறு ஒன்றும் பேசவில்லையாம். எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட படகுகளையும் ஆட்களையும் பற்றிய செய்தி வராத மாதமே அந்தக் கரையில் இல்லை. அந்தப் பக்கம் கேட்டால், நம் இழுவைப் படகுகள் தங்கள் வலையை அறுத்துக்கொண்டு போவதைப் பற்றி அவர்களுக்கும் அவ்வளவு ஆத்திரம். பையன்கள் போய் ஆடினால் இதெல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் கதை விடப்போவதில்லை. ஆனால் அந்த ரெண்டு வீட்டிலும் நேரில் போய்ப் பேசி, அவர்கள் தலையாட்டியபின்தான் பெயரைச் சேர்க்கவேண்டும் என்று சாரிடம் சொன்னேன்.

இதெல்லாம் சரி. இடித்தது பாஸ்போர்ட்டில்.

14 பேரில் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஐந்து பேர். சாருக்கும் இல்லை என்பது மூன்றாவது நாள்தான் தெரிந்தது. மீதிப் பேரின் சான்றிதழ்களை ஒரு சனிக்கிழமை மேஜைமேல் பரப்பினோம். ஒருவனுக்குப் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்து இனிஷியல், ஆதாரில் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் முழுசாக. இன்னொருவனுக்கு ரெண்டு இனிஷியல், ஊர் பெயரும் சேர்த்து. எங்கள் லிபரோவின் பிறப்புச் சான்றிதழில் பெயர்ப் பகுதியே காலி. குழந்தை பிறந்து ஆஸ்பத்திரியில் பதிந்ததோடு சரி, அப்புறம் யாரும் பெயரைச் சேர்க்கவில்லை. விண்ணப்பத்தில் குடும்பப்பெயர் என்று ஒரு கட்டம், அதில் என்ன எழுதுவது என்று அரை மணி நேரம் பட்டிமன்றம். விடுதி முகவரி போடலாம், கல்லூரி போனஃபைட் கொடுத்தால் போதும் என்பது நல்ல செய்தி. போலீஸ் விசாரணைக்கு ஆள் வரும்போது பையன் அங்கே இருக்கவேண்டும் என்பது, கல்லூரி விடுமுறையில் கெட்ட செய்தி. தத்காலில் போட்டால் ஆளுக்கு ரெண்டாயிரம் கூடுதல், அதற்கும் காகிதம் எல்லாம் ஒரே பெயரில் இருந்தால்தான். இதோடு, மாணவர்களை வெளிநாடு கூட்டிப்போகப் பல்கலைக்கழகத்திலும் மேலிடத்திலும் அனுமதி வேறு. கிளம்ப மிச்சமிருக்கும் ஐந்து வாரத்தில் இதெல்லாம் நடக்கும் என்று நம்புபவர் யாராவது இருந்தால் எங்கள் அணிக்கு மேலாளராக வரலாம்.

அப்போதுதான் சார் சொன்னார்: "ராமேஸ்வரமும் தீவுதானே தம்பி?"

முதலில் சிரித்துவிட்டேன். பஹாமாஸில் ஆரம்பித்து ராமேஸ்வரத்தில் வந்து நின்றால் அமெரிக்க அண்ணன் என்ன நினைப்பார்? ஆனால் கேள்வியைத் திரும்பக் கேட்டுப் பார்த்தேன், வலைக்கு அந்தப் பக்கம் யார்? ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் வாலிபால் வலை கட்டாத குப்பம் அபூர்வம். கடலில் வலை இழுத்து இழுத்து இறுகின தோள். நான் ஆடிய காலத்தில் அந்தப் பக்கத்து அணி ஒன்றிடம் ஒரு திறந்த போட்டியில் முதல் சுற்றிலேயே வெளியேறியிருக்கிறோம். எங்களை அனுப்பிவைத்த அட்டாக்கருக்கு நாற்பது வயதாவது இருக்கும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, ஷார்ட்ஸுக்கு மாறி, 25 பாயிண்டில் ஒன்பதை அவரே எடுத்தார்.

காற்று அங்கேயும் உண்டு, பாம்பனில் ஜூலைக் கச்சான் காற்று யாழ்ப்பாணத்துச் சோளகத்துக்குச் சளைத்ததில்லை. மணலும் உண்டு. மணலில் ஓடுவதற்குக் கெட்டித் தரையைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும், அதே நேரம் முழங்காலுக்கு அடி குறைவு. சீசனுக்கு முன் காலை வலுப்படுத்த நல்ல இடம். ஒரே எச்சரிக்கை: ஆறு நாளும் மணலிலேயே குதித்தால் தரைக்குத் திரும்பும்போது தாவும் நேரம் பிசகும், பந்து வருவதற்கு முன் ஆள் மேலே போய் நிற்பான். காலையில் மணல், சாயங்காலம் தரை என்று வைத்துக்கொண்டால் போதும்.

புதுப் பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தபின் ரயில் மறுபடி தீவுக்குள் போகிறது. டிக்கெட் ஆளுக்குச் சில நூறு ரூபாய். தங்குமிடம் யாத்ரீகர் கூட்டத்தைப் பொறுத்தது, ஆடி அமாவாசைக்கு முன் முடித்துவிட வேண்டும். கோவில் பக்கம் தங்கினால் சாப்பாடு சைவம், முட்டைக்கும் மீனுக்கும் பாம்பன் பக்கம் வரவேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு முட்டை கணக்கு. குடிக்கிற தண்ணீர் கேனில்தான், அதை முதல் நாளே பேசிவிட வேண்டும். எல்லாம் சேர்த்து ஒன்று, ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டாது.

ஆக, நான் எழுதிக் கொடுத்தது இது. இந்த ஜூலை ராமேஸ்வரம். அடுத்த ஜூலை யாழ்ப்பாணம், நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில். பாஸ்போர்ட் இல்லாத ஒன்பது பையன்களுக்கும் சாருக்கும் இப்போதே சாதாரண முறையில் விண்ணப்பம், ஆளுக்கு 1,500 வீதம் 15,000 ரூபாய், அண்ணன்களின் பணத்திலிருந்தே. மிச்சம் அடுத்த வருடக் கப்பல் டிக்கெட்டுக்கு. அந்தமான், டிசம்பர் மழை ஓய்ந்தபின் ஜனவரி பிப்ரவரியில் போகும் அணிக்கு நல்ல இடம், சீசனுக்கு முன் போகும் எங்களுக்கு இல்லை. இறுதியாண்டு படிக்கும் மிடில் பிளாக்கர் ஒருவன், "அப்ப நான் யாழ்ப்பாணம் வரவே முடியாதா அண்ணே?" என்று கேட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை. அவனுக்கும் பாஸ்போர்ட் போடச் சொல்லிவிட்டேன், வேலைக்காவது உதவும்.

அமெரிக்க அண்ணன் வாட்ஸ்அப்பில் ஒரே வரி அனுப்பினார்: "பீச் இருக்குல்ல, போதும்."

சார் பாம்பனில் ஒரு கழகத்துக்குப் போன் போட்டு ஆறு நாளும் ஆட்டம் கேட்டார். அங்கே விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போய் மறுநாள் காலையில்தான் கரைக்கு வரும். "ஞாயிறு, செவ்வாய், வியாழன் சாயங்காலம்னா முழு டீமும் இருப்போம் சார். கடலுக்குப் போற நாள் வந்தா எங்க சின்னப் பயலுவதான் கிடைப்பானுவ" என்றார்களாம். சார் மூன்று நாளையும் குறித்துக்கொண்டு, திங்கள் புதனில் சின்னப் பயலுகளோடும் ஆட்டம் கேட்டு வாங்கிவிட்டார்.